நின்றால் நடுங்கும் கார்

கொட்டகலை ரயில் கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு தனியார் பஸ். பின்னால் கொழுந்து ஏற்றிய லொறி. நடுவில் என் கார், குளிர்காய்ச்சல் வந்தவனைப் போல நடுங்கிக்கொண்டு நின்றது.

நடுக்கம் என்றால் சாதாரண நடுக்கமில்லை. கண்ணாடியில் தொங்கிய செபமாலை தானாக ஆடியது. என் கணவர் மடியில் வைத்திருந்த பிளாஸ்கின் மூடி, பல் கிட்டுவது போல் டக்டக்கென்று அடித்துக்கொண்டது. பின் ஸீட்டில் சவரியம்மா அக்கா துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரயில் போனது. கேட் ஏறியது. பஸ் நகர்ந்தது. நான் கியரைப் போட்ட அந்த நொடியில் எஞ்சின் ஒரு விக்கல் விக்கி நின்றுபோனது.

பின்னால் ஹோர்ன் அடிக்க ஆரம்பித்தார்கள். லொறியிலிருந்து ஒரு ஆள் குதித்து இறங்கி வந்தார். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது நான். ஸ்டியரிங் இருந்தது என் கையில். அந்த ஆள் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், இடப்பக்கத்து ஜன்னலில் குனிந்து, பிளாஸ்க் வைத்திருந்த என் கணவரிடம் மரியாதையாகச் சொன்னார்:

"சேர், கொஞ்சம் ஓரங்கட்டிக்கிறீங்களா?"

என் கணவர் வின்சனுக்கு லைசன்ஸ் கிடையாது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. தமிழ் வாத்தியார். அவர் வாழ்நாளில் ஓரங்கட்டியது பிழையாக எழுதிய கட்டுரைகளை மட்டும்தான்.

யார் ஓட்டிட்டு வந்தது?

எங்கள் அப்பா வட்டவளைப் பக்கத் தோட்டமொன்றில் தொரையின் காரைக் கழுவுகிறவராக இருந்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு முன்னாலேயே பங்களாவுக்குப் போய், காரைத் துடைத்து, சக்கரத்துச் சேற்றைச் சுரண்டி, கண்ணாடியில் முகம் தெரிகிற மட்டும் தேய்ப்பார். அந்தக் காருக்குள் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. குளிரில் அது கிளம்பாத நாட்களில் நாலு பேராகச் சேர்ந்து தள்ளுவார்கள். கிளம்பியதும் நாலு பேரும் ரோட்டோர வடிகாலான கானுக்குள் இறங்கி நின்று வழி விடுவார்கள். தள்ளியவன்மேலேயே சேற்றை அடித்துக்கொண்டு அது போகும்.

இந்தத் தொடரில் முன்பு அப்பாவைப் பற்றி எழுதியபோது, நம் ஆட்களை நான் ஏளனம் செய்வதாக ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவருக்கு இந்த அத்தியாயம் இன்னும் பிடிக்காமல் போகலாம். ஏளனம் செய்வதற்கு உரியவர்கள் இருக்கும்போது, வேறு என்னதான் செய்வது?

நான் கார் வாங்கிக்கொண்டு முதல் தடவை அந்தத் தோட்டத்துக்குப் போன அன்று, லயத்து வீடுகளின் முன்னால் நின்ற, ஒரு காலத்தில் வேலை மேற்பார்த்த பழைய கண்டாக்கு ஐயா காரைச் சுற்றிவந்து பார்த்தார். சாவி என் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. "நல்ல வண்டிதான். யாரு ஓட்டிட்டு வந்தது?" என்று கேட்டார். நான் என்றேன். சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். நான் ஓட்டிக்கொண்டு திரும்பிப் போகும்வரை அவர் அங்கேயே நின்று, டிரைவர் எங்கிருந்தாவது வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஹட்டனில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற டாக்டரிடமிருந்து வாங்கியது. முப்பது வயதைத் தாண்டிய ஜப்பான் கார். ஒரு காலத்தில் வெள்ளை. பழைய தகரத்தைப் பொன்போல் விற்கிற காலம் இது. அதனால் ஆசைக்காக யாரும் வாங்க மாட்டார்கள். நான் வாங்கியது அக்காவுக்காக.

சவரியம்மா என் கூடப்பிறந்த அக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூப்பு. நான் படிக்க வேண்டும் என்பதற்காகத் தன் படிப்பை விட்டுவிட்டு மலையில் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தவள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பிறகு புருஷனையும் அடக்கம் பண்ணிவிட்டு எங்களோடு கொட்டகலையில் வந்து இருந்தாள். பிறகு சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் நுவரெலியா ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சுத்தப்படுத்த வேண்டும். காலையில் பஸ்ஸில் போய்விடலாம். நாலு மணித்தியாலம் இயந்திரத்தோடு கிடந்துவிட்டு, நிற்கவே தெம்பில்லாத உடம்போடு அதே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு திரும்பி வருவதை இரண்டு மாதம் பார்த்தேன். மூன்றாம் மாதம் லைசன்ஸ் எடுத்தேன்.

மனோ பாஸின் போர்ட்

நடுக்கம் தொடங்கியது வாங்கி ஒரு வருஷம் கழித்து. ஓடும்போது ஒன்றுமில்லை. ஏற்றத்தில் முனகாமல் ஏறும். நிறுத்தி, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் போதும், உதறல் எடுக்கும். ஆஸ்பத்திரி வாசலில், கேட்டில், பஸ்ஸுக்கு வழிவிட்டு நிற்கும் இடத்தில் எல்லாம் உதறும். சில சமயம் நின்றுபோகும்.

ஹட்டனில் மனோ பாஸின் கராஜ் பிரபலமானது; எங்கள் பக்கம் மெக்கானிக்கை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். வாசலில் ஒரு போர்ட்: 'சகல வாகனங்களும் கம்பியூட்டர் மூலம் பரிசோதிக்கப்படும்.' அந்தக் கம்பியூட்டரை இதுவரை கண்ணால் கண்டவர் இல்லை. என் காரில் கம்பியூட்டரால் பரிசோதிக்க எதுவும் இல்லை என்பது வேறு விஷயம். அது அதெல்லாம் வருவதற்கு முந்தின பிறவி.

நான் காரை நிறுத்திவிட்டு இறங்கி, எப்போது நடுங்குகிறது, எப்போது நடுங்கவில்லை என்று வரிசையாகச் சொன்னேன். மனோ பாஸ் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், என்னைக் கடந்து போய், பக்கத்தில் நின்ற வின்சனிடம் கேட்டார்:

"சேர், எப்புடி? ஏத்தத்துல இழுக்குதா?"

வின்சன் என்னைப் பார்த்தார். நான், இழுக்கிறது என்றேன். பாஸ் வின்சனைப் பார்த்துத் தலையாட்டினார். இப்படியாக மூன்று பேர் பேசினோம். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத ஒரு மொழிபெயர்ப்பு.

பிளக்தான் என்றார். நாலு பிளக்கும் மாற்றினார். இரண்டு நாள் நன்றாக இருந்ததாக எனக்குத் தோன்றியது. செலவழித்தவருக்கு அப்படித்தான் தோன்றும். மூன்றாம் நாள் நானுஓயா சந்தியில் நின்றபோது செபமாலை மறுபடியும் ஆடியது.

இரண்டாம் தடவை, பிளக் வயர் என்றார். மாற்றினார். மூன்றாம் தடவை, காபரேட்டரில் குப்பை என்றார். கழற்றினார், பெற்றோலில் கழுவினார், திரும்பப் பூட்டினார். பூட்டி முடித்தபின் தரையில் ஒரு சிறு வளையம் மிச்சம் கிடந்தது. அது என்ன என்று கேட்டேன். அது வேற வண்டியோடது என்று வின்சனிடம் சொன்னார்.

இதற்குள் ஊரில் எல்லோருக்கும் என் காரின் நோய் தெரிந்துவிட்டது. எங்கள் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிற சேர் ஒருவர் இருக்கிறார். போனில் வீடியோ பார்த்தே எதையும் தெரிந்துகொள்கிறவர். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்தான் போய்விட்டது என்று அடித்துச் சொன்னார். வீடியோவைக் காட்டினார். அதில் இருந்தது ஒரு டிராக்டர். மாதா கோயிலில் பக்கத்து வாங்குப் பெஞ்சில் உட்காருகிற அம்மா, தீர்த்தம் தெளித்துப் பார்க்கச் சொன்னார். சொல்லப்போனால், அந்த மாதம் கிடைத்த ஆலோசனைகளில் கெடுதல் செய்யாதது அது ஒன்றுதான்.

அரைச் சுற்று

நாலாம் தடவை மனோ பாஸ் அதிகம் யோசிக்கவில்லை. பொனட்டைத் திறந்தார். ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்தார். காபரேட்டரின் பக்கத்தில் எதையோ அரைச் சுற்றுத் திருகினார்.

எஞ்சின் உறுமியது. நடுக்கம் குறைந்தது. நின்றுபோகவும் இல்லை.

"இப்ப பாருங்க சேர்" என்றார், வின்சனிடம்.

அவர் செய்தது இதுதான். மெதுவாக ஓடினால்தானே எஞ்சின் நடுங்குகிறது, மெதுவாக ஓடவே விடாமல் செய்துவிட்டார். பிள்ளை அழுகிற சத்தம் கேட்காமலிருக்க ரேடியோவைக் கூட்டி வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. எனக்கு அது அப்போதே தெரிந்தது. தெரிந்தும் சாவியை வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அக்காவைக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. களைத்துப் போயிருந்தேன். களைப்புக்கு அடுத்தபடியாக, ஒருவர் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டதாக நடிக்கும்போது, நம்புவதாக நடிப்பது நமக்கும் வசதியாகத்தான் இருக்கிறது.

ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமலே கார் தானாக இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தது. தட்டையான ஊரில் அது ஒரு தொல்லை. இறக்கத்தில் அது வேறு.

பொம்பளைக் கால்

இறக்கத்தில்தான் கவனித்தேன், பிரேக் கனத்துவிட்டது. முன்பு மெத்தையில் அழுத்துவது போல் இறங்கிய பெடல், இப்போது பாறையில் மிதிப்பது போல் இருந்தது. கார் நிற்கத்தான் செய்தது. ஆனால் முன்பைவிடப் பத்தடி தள்ளி நின்றது.

மனோ பாஸிடம் போய் இதைச் சொன்னேன். அவர் உட்கார்ந்து ஒருமுறை மிதித்துப் பார்த்தார். நல்ல பருமனான ஆள். பெடல் இறங்கியது. வெளியே வந்து, இந்தத் தடவை ஒரு மாறுதலுக்கு என்னைப் பார்த்தே பேசினார்.

"பிரேக்குல ஒண்ணும் இல்ல டீச்சர். பொம்பளைங்க காலுக்கு இந்தப் பழைய வண்டியெல்லாம் கொஞ்சம் கஷ்டந்தான். சேரை ஓட்டச் சொல்லுங்க."

அங்கிருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வின்சன் சிரிக்கவில்லை. வழியில், அவர் மனம்போல் பேசுகிற ஆள், நீ பெரிசா எடுக்காதே என்றார். கொட்டகலை வரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

பொம்பளைக் கால் என்றால் எது? முப்பது வருஷம் செங்குத்து மலையில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிய கால் பின் ஸீட்டில் இருந்தது. ஆனால் இந்தப் பதில் எனக்கு அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் தோன்றியது. நல்ல பதில்கள் எல்லாம் எனக்கு அரிசி களையும்போதுதான் வரும்.

அந்த வாரம் அக்கா, தான் பஸ்ஸிலேயே போய்க்கொள்வதாகச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்குக் காற்றோட்டமாக இருக்கும் என்றாள். பேசாம இரு அக்கா என்றேன். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

நானுஓயாவுக்குக் கீழே

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னேரம். இலேசாகத் தூறி, ரோட்டில் ஈரம் படிந்திருந்தது. நானுஓயா தாண்டி இறங்கும்போது, வளைவு ஒன்றில் எதிரே பஸ் ஒன்று லொறியை முந்திக்கொண்டு என் பக்கத்தில் வந்தது.

பிரேக்கை மிதித்தேன். பெடல் இறங்கவே இல்லை. கல்.

இரண்டு காலையும் தூக்கிப் பெடலில் வைத்து, முதுகை ஸீட்டில் முட்டுக் கொடுத்து எழும்பி நின்றே மிதித்தேன். ஒரு கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கார் ஒரு பக்கமாகச் சறுக்கியது. பஸ் என் கண்ணாடியை உரசினாற்போல் போனது. கானின் விளிம்பில், தேயிலைச் செடியில் முகத்தை வைத்துக்கொண்டு கார் நின்றது.

வின்சனின் பிளாஸ்க் எங்கேயோ உருண்டு போனது. அவர் "மாதாவே" என்றதை நான் கேட்டேன். நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா கீழே விழவில்லை. முன் ஸீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கையில் ஊசி குத்திய இடத்துப் பிளாஸ்டரை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"நின்னுருச்சுல்ல" என்றாள். "கதவத் தெற. காலு மரத்துப் போச்சு."

நான் இறங்கிப் பின்கதவைத் திறந்தேன். எஞ்சின் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. மனோ பாஸ் திருகிய அரைச் சுற்றையும் மீறி, உதறிக்கொண்டே ஓடியது.

மிஸ்ஸின் விரல்கள்

அன்று காலை வார்டில் ஒரு சம்பவம். அக்காவுக்குத் தலையணை கொடுக்கப் போனபோது, பக்கத்துக் கட்டிலின் இயந்திரம் கீக்கீயென்று கத்தியது. குழாயில் காற்று. அந்த வார்டின் நர்ஸ் வந்தார்; எல்லோருக்கும் அவர் மிஸ். சிங்களப் பெண், எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். வந்தவர் முதலில் குழாயைக் கவ்வியை வைத்து அடைத்தார். அதன்பிறகு ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒவ்வொரு பொருத்தாகத் தொட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. இறுக்கினார். கவ்வியை எடுத்தார். சத்தம் அடங்கியது. இது என்னவாக இருக்கும் என்று அவர் யாரிடமும் ஆரூடம் சொல்லவில்லை.

கானின் ஓரத்தில் நின்றுகொண்டு நான் அதைத்தான் நினைத்தேன். பொனட்டைத் திறந்தேன். வின்சனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

பிரேக் பெடலுக்கு நேர் எதிரே, எஞ்சின் பக்கத்தில், பிஸ்கட் டின் மூடி மாதிரி கறுப்பாக ஒரு வட்ட டப்பா. அதிலிருந்து பெருவிரல் மொத்தத்தில் ஒரு ரப்பர் குழாய் எஞ்சினுக்குப் போகிறது. பிரேக்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் எதற்குக் குழாய்? எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சலை இந்த டப்பாவுக்குக் கடன் கொடுத்து, என் காலோடு சேர்ந்து பெடலை இழுக்க வைக்கிறார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் செய்கிற வேலை. தண்ணீர் நிறைந்த கிளாஸில் அட்டையை மூடிக் கவிழ்த்துக் காட்டி, இருபத்தாறு வருஷமாக இதைத்தான் நான் விஞ்ஞான வகுப்பில் படிப்பிக்கிறேன்.

அந்தக் குழாயில் ஓட்டை இருந்தால்? பிரேக்குக்கு உறிஞ்சல் போதாது, பெடல் கனக்கும். எஞ்சினுக்குள் வேண்டாத காற்று போகும், நடுங்கும். வேகமாக ஓடும்போது எஞ்சின் இழுக்கிற காற்றோடு பார்த்தால் அந்தக் கசிவு ஒரு பொருட்டில்லை. மெதுவாக ஓடும்போதுதான் அது பெரிது. இரண்டு நோயில்லை. ஒரே நோய்.

டிக்கியில் ஒரு குறடு கிடந்தது. வின்சனின் கைக்குட்டையைக் குழாயில் சுற்றி, எஞ்சினுக்குப் பக்கத்தில் குறட்டால் நசுக்கினேன்.

நடுக்கம் நின்றது.

அப்படியே நின்றது. எஞ்சின் ஒரே சீராக உறுமியது. குறட்டின் பிடியைத் தளர்த்தினேன். உதறியது. நசுக்கினேன். அடங்கியது. வின்சன் பொனட்டைப் பிடித்தபடி, "இன்னொருக்கா" என்றார். அந்த நாளில் அவர் சொன்ன புத்தியான வார்த்தை.

பிறகு குழாயின் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே போனேன். டப்பாவுக்குச் சற்று முன்னால், ஓர் இரும்பு விளிம்பில் அது உரசிக் கிடந்த இடத்தில், நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு. மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. என் விரல் நுனியை அது பிடித்து இழுத்தது. பால் குடிக்கிற பிள்ளையின் வாயில் விரலை வைத்தாற்போல.

எனக்கு வந்தது சந்தோஷமில்லை. அவமானம். மனோ பாஸுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அவர் அரைச் சுற்றுத் திருகியதற்கு ஒரு சாக்கு உண்டு. காற்றழுத்தத்துக்குப் புள்ளி போட்டுப் பிழை திருத்துகிற எனக்கு என்ன சாக்கு? பொனட்டைத் திறப்பது ஆம்பளை வேலை என்று அவர் நினைத்தார். நானும் அதைத்தான் நினைத்திருக்கிறேன், கொஞ்சம் கூடுதல் இங்கிலீஷில்.

அக்கா துணிப்பையிலிருந்து ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் சுருளை எடுத்து நீட்டினாள். வெடிப்பின்மேல் இறுக்கி ஆறேழு சுற்றுச் சுற்றினேன். முதலாம் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக வீடு வந்து சேர்ந்தோம்.

மூன்று தடவை

மறுநாள் சனிக்கிழமை. வின்சனோடு கராஜுக்குப் போனேன். மனோ பாஸ் பொனட்டுக்குள் பார்த்தார்.

"டீச்சர் வண்டிக்கு ஊசியும் போட்டாச்சா?" என்றார். அன்றைக்குச் சிரித்த அதே ஆட்கள் சிரித்தார்கள்.

நான் பிளாஸ்டரைப் பிரித்தேன். கார் நடுங்கியது. குறட்டால் நசுக்கினேன். அடங்கியது. கடைசி வாங்கில் இருப்பவர்களுக்கும் விளங்குகிற மாதிரி மூன்று தடவை செய்து காட்டினேன். மூன்றாம் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மனோ பாஸ் கையைத் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார். பிறகு வின்சனிடம் திரும்பினார்.

"சேர், இத நா அப்பவே சந்தேகப்பட்டேன். சேர் அவசரப்படுத்துனீங்க, அதான் விட்டுட்டேன்."

வின்சன் முப்பத்தொரு வருஷமாக ஒருவரையும் கடிந்து பேசாதவர். கடிந்து பேசாததைப் பெரிய குணமாக நினைத்துக்கொண்டிருப்பவர். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, பிரேக்கு எந்தக் காலுன்னே எனக்குத் தெரியாது. என்கிட்ட எதுக்குச் சொல்லுறீங்க? நேத்து இவ நிறுத்தலைன்னா நாங்க மூணு பேரும் கானுக்குள்ள கிடந்திருப்போம். இவகிட்ட சொல்லுங்க."

மனோ பாஸ் உள்ளே போய், ஒரு துண்டுத் தண்ணீர்க் குழாயை எடுத்து வந்து அதைப் போடலாம் என்றார். மெல்லிய குழாய் உறிஞ்சலில் உள்வாங்கித் தட்டையாகிவிடும் என்றேன். அதெல்லாம் தாங்கும் என்றார். தாங்குவதைப் பார்க்க நான் நிற்கவில்லை.

கீழ் ரோட்டில் உதிரிப்பாகக் கடை. பழைய குழாயைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். கடைக்காரர் எந்த பாஸ் அனுப்பினார் என்று கேட்டார். யாரும் அனுப்பவில்லை என்றேன். ஒருகணம் பார்த்தார். பிறகு உள்ளே போய், அதே மொத்தத்தில் நூல் வைத்துப் பின்னிய தடித்த குழாயையும் இரண்டு கிளிப்பையும் கொண்டு வந்து, பிரேக்குக்கு என்றால் இதைத்தான் போட வேண்டும், வேறு எது தந்தாலும் வாங்காதீங்க என்றார். அந்த மாதத்தில் ஏளனமில்லாமல் என்னிடம் நேராகப் பேசிய முதல் தொழில்காரர். அவரை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கடை வாசலிலேயே வைத்துப் பூட்டினேன். இரும்பு விளிம்பில் உரசாமலிருக்க ஒரு ரப்பர் துண்டைச் சொருகினேன். பிறகு ஸ்குரூ டிரைவரை வாங்கி, மனோ பாஸ் கூட்டிய அரைச் சுற்றைக் குறைத்தேன். உறுமல் இறங்கி, இறங்கி, ஒரு முணுமுணுப்பில் வந்து நின்றது. பெடலை மிதித்தேன். பழைய மெத்தை.

இரண்டு வாரம் கழித்து, டீச்சருடைய காரின் நோயைச் சத்தத்தை வைத்தே மனோ பாஸ் கண்டுபிடித்த கதை ஹட்டனில் உலவியது. எனக்கே ஒருவர் வந்து சொன்னார். நல்லாச் சொல்றீங்க என்றேன். போர்டில் இருக்கிற கம்பியூட்டரைப் போலத்தான் அதுவும்.

வெட்டாத பேர்

இதோடு முடித்துவிட்டால் நான் ஜெயித்த கதையாக இருக்கும். அப்படி முடிக்கத்தான் நினைத்திருந்தேன்.

பழுது பார்த்த பிறகு முதல் தடவையாக நுவரெலியாவுக்குப் போனோம். அக்காவைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தபோது, மிஸ் என் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தார். அக்கா வந்தது நல்லது என்றார். எனக்கு விளங்கவில்லை. அக்கா எப்போதும் வருகிறவள்தானே என்றேன்.

மிஸ் தயங்கினார். "அக்கா சொல்லல்லியா? போன முற அவங்க என்கிட்ட சொன்னாங்க, இனி வரமாட்டேன், எடத்த வேற ஆளுக்குக் குடுங்கன்னு. லிஸ்ட்டுல நெறய பேர் இருக்காங்க. ஆனா நா பேர வெட்டல்ல. ஒரு வாரம் பாப்போம்னு வச்சிட்டேன்."

போன முறை என்றால், நானுஓயாவுக்குக் கீழே நாங்கள் சறுக்கிய அன்று காலை. அதற்கு முன்னாலேயே அவள் முடிவெடுத்துவிட்டாள். வராமல் இருந்தால் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

நான் போய்க் காருக்குள் உட்கார்ந்தேன். ஒரு மாதமாக ஒரு மனுஷனின் முட்டாள்தனத்தை எண்ணி எண்ணிக் கொதித்துக்கொண்டிருந்தேன். என்னோடு ஒரே வீட்டில், ஒரே காரில், இரண்டடி பின்னால் உட்கார்ந்திருந்தவள் சாகத் தீர்மானித்ததை நான் பார்க்கவில்லை. பஸ்ஸில் போகிறேன் என்று சொன்னபோது, பேசாமல் இருக்கச் சொன்னவள் நான்.

நாலு மணித்தியாலம் கழித்து வின்சன் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். முன் ஸீட்டில் உட்காரவைத்தோம். நான் சாவியைத் திருப்பவில்லை. மிஸ் சொன்னதைச் சொல்லி, ஏன் என்று கேட்டேன்.

அக்கா மிஸ்ஸை ஒரு வார்த்தை திட்டினாள். வாய் தாங்காத பொம்பளை என்றாள். பிறகு சேலைத் தலைப்பால் கையைப் போர்த்திக்கொண்டாள்.

"எனக்குப் பயமில்ல. நா வாழ்ந்தாச்சு. ஒரு கெழவிய இழுத்துட்டுப் போயிட்டு வரதுக்கு, ரெண்டு பேரு அந்த எறக்கத்துல சாவணுமா? வாரத்துக்கு ரெண்டு தரம் ஓங்காலு பிரேக்குல துடிக்கிறத நா பின்னாடி இருந்து பாத்துக்கிட்டேதானே வந்தேன். நீ வாத்தியாரு, ஒனக்கே வெளங்கல. நா சொன்னா கேக்கவா போற?"

நான் கேட்டிருக்க மாட்டேன். வின்சன் பின் ஸீட்டிலிருந்து மூக்கை உறிஞ்சியது மட்டும் கேட்டது.

சாவியைத் திருப்பினேன். ஆஸ்பத்திரி கேட்டில் ஒரு வேனுக்கு வழிவிட்டு வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. அக்கா முன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி வருவாயா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. வேன் போனது. நான் கியரைப் போட்டபோது அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"வெள்ளிக்கெழம கொஞ்சம் வெள்ளனாவே கெளம்பணும். ஜன்னலோரக் கட்டில இன்னைக்கு அந்தத் தலவாக்கலைக்காரி புடிச்சிட்டா."